உறுதிமொழிக்கு வெர்லாவின் முறை

தானியக் கிடங்குச் சாலையில் தண்டவாளத்துக்குப் பதினைந்தடி முன்னாலேயே வெர்லா பேருந்தை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். பின்னால் இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கப்சிப் என்று ஆனார்கள். முன்கதவைத் திறந்து, தன் பக்கத்து ஜன்னலையும் இறக்கிவிட்டு, காதைக் கொடுத்தாள். காற்று வீசியது, எங்கோ ஒரு டிராக்டர் முனகியது, ரயில் சத்தம் இல்லை. கதவை மூடிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தாள். கடைசிச் சக்கரமும் தாண்டிய பிறகுதான் கையை இறக்கினாள். அடக்கிவைத்திருந்த கூச்சல் மறுபடி கிளம்பியது.

பள்ளிப் பேருந்து தண்டவாளத்தின் முன் நின்று, கதவைத் திறந்து, கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்பது சட்டம். மற்ற ஓட்டுநர்கள் பேருக்கு நிறுத்துவார்கள். வெர்லா நிறுத்தினால் நிறுத்தியதுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு நவம்பர் மூடுபனியில், அவள் கணவன் டுவேன் சோளம் ஏற்றிய லாரியோடு இதே இடத்தில் நிலக்கரி ரயிலில் அடிபட்டுச் செத்தான். அன்றைக்கு இங்கே கேட் இல்லை, விளக்கு இல்லை, பெருக்கல் குறி மாதிரி ஒரு வெள்ளைப் பலகை மட்டும் நின்றது. இன்றைக்கும் அதுதான் நிற்கிறது. நடுவில் ஒரு தடவை பெயின்ட் அடித்தார்கள்.

டுவேன் செத்த மாதம் கோல்டர் நகரசபையில் அவனுக்காக எழுந்து நின்று ஜெபம் பண்ணினார்கள். கடவுள் அழைத்துக்கொண்டார், அவருடைய நேரம் நமக்குத் தெரியாது என்று அப்போதைய மேயர் தழுதழுத்தார். பிறகு உட்கார்ந்து, குப்பை லாரி விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். கேட் வேண்டும் என்று வெர்லா எழுதிக் கொடுத்த தாள் அந்தக் கூட்டத்தில் வாசிக்கப்படவே இல்லை. கடவுள் மேல் பழியைப் போட்டுவிட்டால் அப்புறம் ரயில்வேக்கு யார் கடிதம் எழுதுவார்கள் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அந்த மாதத்திலிருந்துதான் அவள் அந்த இரண்டு சொற்களை விட்டாள். கொடி வணக்க உறுதிமொழியில் "ஒரே நாடு" என்பது வரை ஊரோடு சேர்ந்து சொல்லுவாள். அடுத்து வரும் "கடவுளுக்குக் கீழே" என்பதற்கு வாயை மூடிக்கொள்வாள். "பிரிக்க முடியாதது" என்ற இடத்தில் மறுபடி சேர்ந்துகொள்வாள். கால்பந்துத் திடலில், பள்ளி விழாவில், நினைவு நாள் ஊர்வலத்தில், எல்லா இடத்திலும் அப்படித்தான். கூட்டத்தில் ஒருத்தி மூச்சு வாங்குவதை யார் கவனிக்கப்போகிறார்கள்? அவள் கடவுளோடு பேச்சை அறுத்துக்கொண்டவள் இல்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனாள், அங்கே அவரோடு மனதார ஜெபமும் பண்ணினாள், சண்டையும் போட்டாள். அது அவளுக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. அதில் நகரசபைக்கும் கொடிக்கம்பத்துக்கும் என்ன வேலை என்பதுதான் அவள் கட்சி.

மார்ச்சில் ஒரு சபை உறுப்பினர் ஊரைவிட்டுப் போய்விட, அந்த இடத்துக்கு மேயர் எல்டன் ரீம்ஸ் வெர்லாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். எல்டனுக்கு எழுபத்தைந்து வயது, விதை வியாபாரம் பண்ணி ஓய்ந்தவர், லூத்தரன் சர்ச்சில் மூப்பர். வெர்லா உட்கார்ந்ததும் முதல் வேலையாக ரயில்வேக்கு எழுதினாள். பதில் வந்தது. கிடங்குச் சாலையில் கேட்டும் விளக்கும் போட்டுத்தருகிறோம், ஆனால் பதிலுக்கு ஊருக்குள் தண்டவாளத்தைத் தாண்டுகிற வேறொரு கடவையை நீங்கள் மூடவேண்டும் என்றார்கள். மூடத் தோதாக இருந்தது இரண்டாம் தெருக் கடவை ஒன்றுதான். அது நேராக லூத்தரன் சர்ச் வாசலுக்குப் போகிற வழி. மூடினால் சர்ச்சுக்காரர்கள் ஆறு தெரு சுற்றிப் போகவேண்டும். உறுப்பினர் நான்கு பேரில் இரண்டு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் முடியாது என்றார்கள். சமமாக வந்தால் மேயர் வாக்குதான் முடிவு. எல்டன் வாயைத் திறக்கவில்லை.

வாக்கெடுப்பு இன்று மாலை. கோல்டரில் சபை தொடங்கும்போது உறுப்பினர்கள் இருக்கை வரிசைப்படி ஆளுக்கொரு கூட்டமாக உறுதிமொழியை முன்னின்று சொல்லவேண்டும். இன்று, முதல் தடவையாக, வெர்லாவின் முறை.

அதைச் சொல்லத்தான் நகரசபைக் குமாஸ்தா கோனி, காலை வண்டி முடிந்த கையோடு, பேருந்துக் கொட்டகைக்கு ஒரு பெட்டி கொலாச்சி என்கிற பழக்கூழ் வைத்த ரொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இருவரும் பள்ளிக்காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டவர்கள். போன கூட்டத்தில் லூத்தரன் சர்ச்சில் பாடுகிற மெர்ல் வெர்லாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான் என்றும், சர்ச்சில் நாற்பது பேரிடம் சொல்லிவிட்டான் என்றும், இன்று அத்தனை பேரும் வருகிறார்கள் என்றும் கோனி மூச்சுவிடாமல் சொன்னாள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல், முறையை மாற்றிவிடுகிறேன் என்று ஒரு வழியும் காட்டினாள்.

"தொண்டை நல்லாத்தான இருக்கு" என்றாள் வெர்லா.

"அப்பச் சொல்லித் தொலையேன். ரெண்டே ரெண்டு வார்த்தைடி. எல்டன் மனசு எந்தப் பக்கம்னு யாருக்கும் தெரியல. உன் வீம்புக்காக கேட்டை விட்டுடாத."

வெர்லா ரொட்டியைப் பிட்டாளே தவிர சாப்பிடவில்லை. கோனி சொன்னதில் தப்பில்லை, அதுதான் உறுத்தியது. இருபத்தெட்டுப் பிள்ளைகள் தினம் இரண்டு தடவை அந்தத் தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். இவளுடைய வைராக்கியத்துக்கு அவர்கள் உயிரா விலை?

கோனி போனபிறகு காலி பேருந்தில் ஏறி உட்கார்ந்து, நெஞ்சில் கைவைத்து முழுசாகச் சொல்லிப்பார்த்தாள். வந்தது. தடங்கல் இல்லாமல், இன்றைக்கு மழை வரும்போல என்று சொல்வதைப்போல வந்தது. அதைக் கேட்டுத்தான் அவளுக்குத் திக்கென்றது. அன்றைக்கு அந்த மேயருக்கும் இப்படித்தான் லேசாக வந்திருக்கும். அவர் கெட்டவர் இல்லை, பழக்கத்தில் சொன்னார், சொன்னதோடு வேலை முடிந்தது என்று நிஜமாகவே நம்பினார். வெர்லா சாவியைத் திருகிப் பேருந்தைக் கழுவும் இடத்துக்கு ஓட்டிப்போனாள். தொண்டையும் கட்டாது, முறையும் மாறாது. அந்த இரண்டு சொற்களை மற்றவர்கள் சொல்வதற்கு இடம் விட்டு, தான் சும்மா நிற்பது என்று முடிவுசெய்தாள். மைக்குக்கு முன்னாலும்தான்.

மாலை ஏழு மணிக்கு மே மாத வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. வழக்கமாக நாலு பேர் வருகிற கூடத்தில் நாற்காலி போதவில்லை. முன்வரிசையில் மெர்ல், பாடல் புத்தகம் பிடித்துப் பழகிய கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தான். எல்லோரும் எழுந்தார்கள். வெர்லாவுக்கும் எல்டனுக்கும் நடுவில் ஒரே மைக்தான். நெஞ்சில் கைவைத்துத் தொடங்கினாள். குரல் நடுங்காதது அவளுக்கே ஆச்சரியம். கூடம் பின்னாலேயே வந்தது. "ஒரே நாடு" என்று சொல்லி நிறுத்தினாள்.

கூடம் அந்த இரண்டு சொற்களையும் வழக்கத்தைவிட உரக்கச் சொல்லியது. ஆனால் அதே நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு கரகரத்த குரல், நிற்காமல், நேராக, "பிரிக்க முடியாதது" என்று போய்விட்டது. எல்டன்தான். கண்களைக் கொடிமேல் வைத்து, சின்னப் பையன் ஒப்பிப்பதுபோல, அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வெர்லா ஒரு கணம் திகைத்து, பிறகு அவரோடு சேர்ந்துகொண்டாள். "அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும்" என்று இருவரும் முடித்தபோது, ஊர் இன்னும் இரண்டு சொல் பின்னால் வந்துகொண்டிருந்தது.

யாரும் உட்காரவில்லை. எல்டனின் காது சிவந்திருந்தது. மெர்ல் மேயர் பக்கம் திரும்பவே இல்லை.

"கடவுளை விட்டுட்டியே, வெர்லா."

"விடல, மெர்ல். டுவேன் செத்தப்ப இதே ஹால்ல கடவுள் பேரச் சொல்லித்தான் எல்லாத்தையும் முடிச்சாங்க. அவரை நான் சர்ச்சுல பாத்துக்கறேன். இங்க எனக்கு ரயில்வே கேட் வேணும்."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எல்டன் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நானுந்தான் விட்டுட்டேன், என்னைக் கேளு" என்றார். "முன்னாடி சொல்றவங்க குரலப் புடிச்சுக்கிட்டே இத்தன வருஷம் ஓட்டிட்டேன். இன்னிக்கு அந்தக் குரல் நின்னுடுச்சு, நாக்கு பழைய வழியில போயிடுச்சு. நான் ஒண்ணாங்கிளாஸ்ல படிச்சப்ப அந்த வார்த்தை அதுல இல்லப்பா. அப்புறந்தான் சேத்தாங்க. அதுக்கு முன்னாடி எங்கப்பாவும் அம்மாவும் சாமி இல்லாமலா கிடந்தாங்க? உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். மெர்ல் கடைசியாக உட்கார்ந்தான். கடவை விஷயம் மூன்றாவதாக வந்தது. சர்ச்சுக்காரர்கள் சிலர் பேசினார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். நடக்கமுடியாத வயசாளிகளைப் பற்றியும் சவ ஊர்வலத்தைப் பற்றியும் சொன்னதில் நியாயம் இருந்தது. வயசாளிகளை ஞாயிறு தோறும் தானே வண்டியில் கூட்டிப்போய் விடுவதாக வெர்லா சொன்னாள். பிறகு கோனி பெயர்களை வாசித்தாள். வெர்லா சரி என்றாள். இரண்டு சரி, இரண்டு முடியாது.

"மேயர்?" என்றாள் கோனி.

எல்டன் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கிடங்குச் சாலைப் பக்கம் ஹாரன் அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். கோல்டரில் ரயில் போகும்போது யாரும் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. கல்யாணத்தில் பாதிரியாரே பாதி வாக்கியத்தில் நின்று, ரயில் போனபிறகு மீதியைச் சொல்வார். எல்டனும் நின்றார். மேசைமேல் தண்ணீர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. வெர்லா பழக்கத்தில் சத்தத்தை வைத்துப் பெட்டிகளை எண்ணத் தொடங்கி, வேண்டுமென்றே நிறுத்தினாள்.

எல்டன் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே, மெர்லைத் தாண்டி, மெதுவாக நடந்துபோய்க் கூடத்தின் கதவை அகலத் திறந்தார். சத்தம் மொத்தமும் உள்ளே வந்தது. அங்கிருந்து பார்த்தால் கிடங்குச் சாலை தெரியும், பலகை தெரியும், ஓடும் பெட்டிகளுக்கு முன்னால் மூக்கை நீட்டி நிற்கிற ஏதோ ஒரு லாரியும் தெரியும். அவர் பேரன் வெர்லாவின் பேருந்தில் மூன்றாவது வரிசை.

கடைசிப் பெட்டியும் போனது. நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ செருமினார்கள், மெர்ல் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். எல்டன் திரும்பிப் பார்க்காமல், வெர்லா பேருந்தில் தூக்குவதுபோல, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். கூடம் அடங்கியது. தலையைச் சற்றுச் சாய்த்து, திறந்த கதவில் நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கோனி அவர் பெயருக்கு நேரே சரி என்று குறித்துக்கொண்டாள். கை இறங்கவில்லை.