கச்சா டாங்கா

போர்ட் பிளேரில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வரும். தினமும் திறந்துவிட்டால் இந்தக் கதை இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் தான் வரும். கோடையில் அதுவும் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் வெறும் குழாய்க்குள் காற்று புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும்போது அது 'உஸ்ஸ்' என்று சீறிக்கொண்டு வெளியே வரும். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சீறல்தான் அலாரம். வைஜெயந்தி தூங்கும்போதுகூட ஒரு காதை அதற்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள்.

அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். தெருவில் பாதிப் பெண்களின் அளவு அவளுக்கு மனப்பாடம். யாருக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும், யாருக்குப் பிரசவத்துக்குப் பிறகு கை பருத்தது என்பதெல்லாம் தெரியும். ஜாக்கெட் தைக்கிறவளை ஒரு பெண் சுலபத்தில் மாற்றமாட்டாள். டாக்டரைக்கூட மாற்றிவிடுவாள். இப்படி ஒரு கூட்டத்தைச் சேர்க்கப் பல வருஷம் பிடிக்கும். விட்டுவிட்டுப் போனால், போன இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவள் கணவன் முத்துகிருஷ்ணன் டீசல் பவர் ஹவுஸில் ஆபரேட்டர். வடக்கு அந்தமானில், திக்லிபூர் பக்கம் ஓர் அணைக்கட்டு. அதன் தண்ணீர் விழும் வேகத்தில் கரண்ட் எடுக்கிற சின்ன நிலையத்தில் ஓர் இடம் காலியானது. விருப்பமிருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். டீசல் புகையிலும் இரைச்சலிலும் நின்று நின்று அலுத்துப்போன மனிதனுக்கு, எரிபொருளே இல்லாமல் சுற்றும் இயந்திரம் என்றால் கோயில் மாதிரி. ஆனால் அவன் எழுதிக் கொடுக்கவில்லை. மகள் சங்கவி மெயின்லேண்டில் நர்சிங் படிக்கப் போய்விட்டாள். இவனும் திக்லிபூர் போனால் வைஜெயந்தி தனி, அங்கே இவன் தனி. இவளையும் அழைத்துக்கொண்டு போனால் அவளுடைய தையல் போச்சு.

"நீ சொல்லு, நான் எழுதறேன். நீ வேணாம்னா விட்டுடறேன்" என்றான்.

"பழியை எந்தலையில வைக்கறீங்களா?"

"அய்யோ, இல்ல ஜெயந்தி."

"பின்ன? துணியையே பாக்காம கத்திரி போடச் சொன்னா எப்படி? முதல்ல கச்சா டாங்கா போட்டுப் பாப்போம்."

கச்சா டாங்கா என்பது அவள் தொழிலில் ஒரு வேலை. விலை உயர்ந்த துணி என்றால் நேரே மெஷினில் ஓட்டமாட்டாள். முதலில் கையால் நீள நீளமாக இழையோட்டி, போட்டுப் பார்க்கச் சொல்வாள். சரியில்லை என்றால் நூலை ஒரு இழு இழுத்தால் போதும், முழுசும் பிரிந்து வந்துவிடும். துணிக்குக் காயம் கிடையாது. தீவில் எல்லோரும் பேசுகிற இந்தியில் அதற்கு வந்த பெயர்தான் அது; கச்சா என்றால் பக்கா இல்லாதது, டாங்கா என்றால் தையல்.

அப்படித்தான் லீவு போட்டுக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள். திக்லிபூர் பஸ் விடியுமுன்பே கிளம்பிவிடும். காரணம், வழியில் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. அதற்குள் நினைத்தபோது நுழைய முடியாது. வண்டிகள் எல்லாம் கேட்டில் வந்து வரிசை கட்ட வேண்டும். குறித்த நேரத்தில் போலீஸ் துணையோடு எல்லாம் சேர்ந்து நகரும். நடுவில் எங்கும் நிற்கக்கூடாது. ஒரு வரிசையைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதுதான். காடு முடிந்ததும் கடல் குறுக்கிடும். பஸ்ஸே படகில் ஏறி அக்கரை போகும். திக்லிபூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. வைஜெயந்தியின் இடுப்பு தன் இடத்தில் இல்லை.

"அவசரம்னா என்ன பண்றது? உடம்பு சரியில்லன்னா இத்தனையும் தாண்டியா போகணும்?" என்றாள்.

"இங்கயும் ஆஸ்பத்திரி இருக்கு. பெரிசா ஏதாச்சும்னா ஹெலிகாப்டர்."

"காத்தும் மழையுமா இருந்தா ஹெலிகாப்டர் பறக்குமா?"

முத்துகிருஷ்ணன் பதில் சொல்லாமல் பெட்டியைத் தூக்கினான். அவனிடம் அவளுக்குப் பிடித்தது இதுதான். தெரியாததற்குப் பதில் சொல்லமாட்டான்.

தங்கியது பழனியாண்டி வீட்டில். நீர்மின் நிலையத்தில் வேலை பார்ப்பவர்; டிரெயினிங்குக்காகப் போர்ட் பிளேர் வந்தபோது பழக்கம். அவர் மனைவி ராசம்மா. அவர்கள் இருவர் குடும்பமும் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் வேலைக்கு வந்து, சுனாமிக்குப் பிறகு இங்கே நகர்ந்தவர்கள். வீட்டைச் சுற்றிப் பாக்குத் தோப்பு.

மறுநாள் விடியற்காலை வைஜெயந்தியின் ஒதுக்கி வைத்த காதில் 'உஸ்ஸ்' என்று விழுந்தது. தொடர்ந்து பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் கொட்டும் சத்தம்.

"ஏங்க! தண்ணி! எந்திரிங்க, தண்ணி வந்துடுச்சு!"

முத்துகிருஷ்ணன் கண்ணைத் திறக்கவில்லை; கால்கள் மட்டும் எழுந்து ஓடின. போர்ட் பிளேர்க்காரனின் கால்களுக்கு மூளை தேவையில்லை. யார் வீடு என்று இருவருக்கும் நினைவில்லை. டிரம் நிரம்ப நிரம்ப மொண்டு மொண்டு கொடுத்தான் அவன். அவள் வாங்கி வாங்கி அடுக்களையில் நிரப்பினாள். குடம், வாளி, சோற்றுப் பானை, குக்கர், இட்லிப் பாத்திரம், கடைசியில் டம்ளர்கள். கவிழ்த்து வைத்திருந்த ஒரு சுண்ணாம்பு டப்பாவைக்கூட விடவில்லை.

ராசம்மா கொண்டையை முடிந்துகொண்டே வந்து வாசற்படியில் நின்றாள். நிரம்பிய பாத்திரங்களை வரிசையாகப் பார்த்தாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னா புள்ள, கப்பல்ல ஏத்தி அனுப்பப் போறீங்களா? நான் சோறாக்க ஒரு சட்டியாச்சும் காலியா வைக்கலாமுல்ல?"

"தண்ணி நின்னுடும்ல அக்கா..."

"எங்கிட்டு நிக்கும்? இந்தாங்க, வந்து பாருங்க இவுங்க கூத்த!"

பழனியாண்டி தோப்பிலிருந்து வந்து டிரம்மிலிருந்த ஹோஸ் பைப்பைத் தூக்கினார். தோப்புக்குப் பின்னால் மேட்டில் ஓர் ஊற்று. அதைச் சுற்றிச் சின்னதாகச் சிமெண்ட் தொட்டி கட்டி, தொட்டியிலிருந்து வீடுவரை ஒரு ஹோஸ். மோட்டார் கிடையாது. தொட்டி உயரம், வீடு பள்ளம், தண்ணீர் தானாக இறங்கி வருகிறது, அவ்வளவுதான். இராத்திரி முழுக்க ஹோஸ் பாக்கு மரங்களுக்குப் பாயும். விடிந்ததும் அவர் அதைத் தூக்கி டிரம்மில் போடுவார். தூக்கும்போது வாய்வழியே கொஞ்சம் காற்று புகுந்துவிடும். அது வெளியேறும் சீறல்தான் வைஜெயந்தியை எழுப்பியது.

"எங்க டர்பைனும் இதேதான் தம்பி, கொஞ்சம் பெரிய ஹோஸ்" என்றார் பழனியாண்டி. முத்துகிருஷ்ணனின் முகம் தூக்கம் கலைந்து விளக்குப் போட்டது போல ஆயிற்று.

வைஜெயந்தி ஈரப் புடவையைப் பிழிந்தபடி கேட்டாள்: "கோடை முழுக்க இப்படி வருமாண்ணே?"

"சித்திரையில நூலு மாதிரி வரும். பொய் சொல்லக் கூடாது பாருங்க. அரசாங்கக் குவார்ட்டர்ஸ்ல இந்த ஊத்தும் இல்ல, குழாய்தான். ஆனா தெனமும் வரும்."

தினமும். நிரப்பிய பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தோப்பில் கொட்டும்போது அந்தச் சொல்லை அவள் விடவில்லை. போர்ட் பிளேரில் பஜாரில் கடை போட அவளைக் கூப்பிட்டவர்கள் உண்டு. வீட்டை விட்டு வரமுடியாது என்று சொல்லிவிட்டாள். வீட்டுப் பொறுப்பு என்றுதான் அன்று நினைத்தாள். யோசித்துப் பார்த்தால், வீட்டில் அவளுக்காகக் காத்திருந்தது குழாய் மட்டும்தான்.

பகலில் ஆண்கள் நிலையத்தைப் பார்க்கப் போனார்கள். பெண்கள் பஜாருக்குப் போனார்கள். வைஜெயந்தி நேரே நூல் விற்கிற கடைக்குள் நுழைந்தாள். அங்கே இருந்தவை சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சையில் இரண்டு மட்டும். மாந்துளிர் நிறம் கேட்டதற்கு வங்காளிக் கடைக்காரர், "அகலா ஹஃப்தா" என்றார். அடுத்த வாரமாம். அவள் மனதுக்குள் தராசின் ஒரு தட்டு கீழே இறங்கியது. நிறம் சேராத நூலில் தைப்பதைவிடத் தைக்காமலே இருக்கலாம்.

"போர்ட் பிளேர்ல யாராச்சும் வாங்கி பஸ்ல கொடுத்தா வந்துடும்" என்றாள் ராசம்மா. "டிரைவர் கிட்ட கொடுக்க வேண்டியது, போன் நம்பர எழுதி ஒட்ட வேண்டியது. மருந்து, மீன்வலை, எம்மவ கல்யாணத்துக்கு மாலை, எல்லாம் அப்படித்தான் வந்துச்சு."

சொல்லிக்கொண்டே, அப்படி பஸ்ஸில் வந்து கடையின் மேல்தட்டிலிருந்த கோணிப்பையைச் சுட்டிக்காட்டக் கையை உயர்த்தினாள். ஜாக்கெட் முழுவதும் கையோடு சேர்ந்து மேலே ஏறியது. சட்டென்று கையை இறக்கி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். எவ்வளவு காலமாகப் பழகிய இழுப்பு என்று வைஜெயந்திக்குத் தெரிந்தது.

"அக்கா, வீட்டுக்குப் போனதும் அதைக் கழட்டிக் கொடுங்க."

"எத?"

"ஜாக்கெட்ட."

"ஆத்தீ! கடையில வெச்சா கேக்குற?"

அக்குள் வளைவைத் தாராளமாக இருக்கட்டும் என்று கீழே இறக்கி வெட்டுகிறவர்கள் உண்டு. அது நேர்மாறாக வேலை செய்யும். வளைவு இறங்க இறங்கக் கை உடலோடு கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். கையைத் தூக்கினால் ஜாக்கெட்டே தூக்கும். புதிதாக வெட்டும்போது வளைவை மேலே ஏற்றினால் தீர்ந்தது. தைத்து முடித்ததில் ஒரே வழி, அக்குளில் சின்னச் சதுரத் துணி ஒன்று வைத்துக் கொடுப்பது. வைஜெயந்தி மத்தியானம் உட்கார்ந்து கையாலேயே அதைச் செய்தாள். ராசம்மா போட்டுக்கொண்டு ஒரு கையைத் தூக்கினாள். மறு கையைத் தூக்கினாள். பிறகு எந்தத் தேவையும் இல்லாமல் பரண்மேல் இருந்த முறத்தை எடுத்தாள், திரும்ப வைத்தாள், எடுத்தாள். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, தன் கையையும் தூக்கிக் காட்டினாள். அவளுக்கும் ஏறியது.

மாலையில் முத்துகிருஷ்ணன் வந்தான். டர்பைனைப் பற்றிச் சொல்ல வாய் துடித்தது; ஆனால் சொல்லவில்லை. சொன்னால் ஆசை காட்டி இழுப்பது போலாகும் என்று அடக்கிக்கொண்டிருந்தான். அந்த அடக்கம் அவளுக்குத் தெரிந்தது.

"எப்படிச் சுத்துது?" என்று அவளே கேட்டாள்.

"அழகா சுத்துது." அவ்வளவுதான் சொன்னான்.

"ஏங்க, ஆஸ்பத்திரி தூரம்தான். சங்கவி லீவுக்கு வந்தா இன்னொரு பகல் பஸ்ல உக்காரணும், திட்டுவா. நூலு கெடைக்காது. டெய்ரி ஃபார்ம்ல எனக்கு இருக்கற கூட்டம் இங்க சேர எவ்வளவு நாளாகும்னு தெரியாது."

"சரி. அப்ப வேணாம்."

"நான் முடிக்கலயே! அங்க இருந்தா மட்டும் குழாய்க்கும் தையலுக்கும் நடுவுலதான் நிக்கப்போறேன். நீங்களும் அந்த டீசல் புகையிலதான். விருப்பம்னு எழுதிக் கொடுங்க."

அவன் அவளையே பார்த்தான். "நிஜமாவா?"

"அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு." போனை எடுத்துப் பக்கத்து வீட்டுச் சித்ராவைக் கூப்பிட்டாள். "சித்ரா, சாவி உங்கிட்டதான இருக்கு? என் மெஷின் தலையை மட்டும் கழட்டணும். பெல்ட்ட எடுத்துட்டு, பின்பக்கம் கீழ ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், லூஸ் பண்ணினா போதும், தலை மேல வந்துடும். மோட்டாரோட சேத்துப் பழைய புடவையில சுத்தி நாளைக்குக் காலைல திக்லிபூர் பஸ்ல கொடுத்துடு. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி வைக்கச் சொல்லு, குலுங்கக் கூடாது."

அவள் போனை வைத்ததும் முத்துகிருஷ்ணன் கேட்டான்: "ஸ்டாண்ட்?"

"அது அங்கயே நிக்கட்டும். வீட்டையும் இப்ப காலி பண்ண வேணாம். லீவு இருக்கற வரைக்கும் இங்க தைச்சுப் பாக்கறேன். இதுவும் கச்சா டாங்காதான்."

"எழுதிக் கொடுத்தப்புறம் கச்சா ஏது?"

"உங்களுக்குப் பக்கா. எனக்குத்தான் கச்சா. ஒத்துவரலன்னா மறுபடி தலையைத் தூக்கி பஸ்ல வைப்பேன். சரியா?"

"சரி" என்றான். கொஞ்சம் பயமும் இருந்தது அந்தச் சரியில்.

மறுநாள் பொழுது சாயும் நேரம் மெஷின் தலை, ஒரு கோழிக்கூண்டுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்து இறங்கியது. பழனியாண்டியின் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து வைத்தார்கள். வேலியோரத்துப் பெண் ஜாக்கெட் துணியோடு ஏற்கெனவே உள்ளே வந்திருந்தாள். முத்துகிருஷ்ணன் பிளக்கைச் செருகினான். அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை.

"பாரு, அங்க மேல இருந்து தண்ணி விழுது, டர்பைனைத் தள்ளுது, அதோட சேர்ந்து ஜெனரேட்டர் சுத்துது, கம்பி வழியா இங்க வந்து உன் மோட்டார..."

"ஏங்க."

"ம்?"

"பாபின்ல நூல் சுத்தறேன். நூல் அறுந்துடும். அந்தப் பக்கமா நின்னு சொல்லுங்க, கேக்கறேன்."

அவன் மேசையின் அந்தப் பக்கம் போய் நின்று, அணைக்கட்டிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தான்.