கூரைக்கு அடித்த வெள்ளை

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். முன்பு சிரித்துக்கொண்டு சொன்னார்கள். இப்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்கள்.

கொஞ்ச நாளாகவே அந்த அறையில் ஒருவர் பேசுவது எல்லோருடைய தொலைபேசிக்குள்ளும் புகுந்தது. அங்கே என்ன சந்தையா என்று அழைத்தவர்கள் கேட்டார்கள். ஆளாளுக்குக் குரலை உயர்த்தினார்கள். அவள் உயர்த்தும்போது மட்டும் எல்லாத் தலையும் திரும்பியது.

மேலாளர் கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இந்த மாசம் பார்ப்பேன். குரல் இறங்கலேன்னா பதிவறைக்கு மாத்திடுவேன்."

"அங்க போன் இல்லையே சார்."

"அதனாலதான்."

அவளுக்குப் பிடித்த வேலை பேசுவது. குழாயில் காற்று மட்டும் வருகிறது என்று கொதிப்பவரை, போனை வைக்கும்முன் சிரிக்கவைத்துவிடுவாள். பழைய கோப்புகளைச் சிரிக்கவைக்க முடியாது.

வீட்டில் பழகிப் பார்த்தாள். கணவனிடம் தணிந்த குரலில் பேசினாள். அவன் முதலில் பாத்திரம் கழுவினான். பிறகு துணி மடித்தான். கடைசியில் தாங்க முடியாமல் எதிரே வந்து நின்றான்.

"நான் என்ன பண்ணேன்னு சொல்லிடு. கத்திகூடத் தொலை. இப்படிப் பேசினா பயமா இருக்கு."

"கோபம்லாம் இல்லங்க."

"பாத்தியா, இப்பக்கூட மெதுவா சொல்ற."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான்.

"அப்பாடா. உங்கம்மாவைப் பத்தி நான் பேசினது உன் காதுக்கு வந்துடுச்சோன்னு பார்த்தேன்."

"என்ன பேசினீங்க?"

அன்று அவளால் பழக முடியவில்லை.

மாதம் முடிந்தது. அவளைப் பதிவறைக்கு அனுப்பினார்கள். அடுத்த அறைதான். கதவைச் சாத்தினால் வேறு ஊர். அவள் கோப்புகளைத் தூசி தட்டினாள். யாரும் கூப்பிடவில்லை.

ஒருநாள், புகார்ப் பிரிவில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் ஒரு கோப்பு கேட்டு வந்தாள். இவள் குரலைப் பற்றி மேலாளரிடம் முதலில் புகார் சொன்னவள் அந்தப் பெண்தான். வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"உள்ள வாடி. கடிச்சிட மாட்டேன்."

"ஏன்க்கா இவ்வளவு மெதுவா பேசறீங்க? உடம்பு சரியில்லையா?"

"எப்பவும் போலத்தான பேசறேன்."

"இல்லக்கா. சத்தியமா."

அவள் கழுத்து நரம்பு தெரியக் கத்திப் பார்த்தாள்.

"ஐயா! தண்ணி வருதுங்களா?"

குரல் மேலே போனது. திரும்பி வரவில்லை. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரையில், புகார்ப் பிரிவில் இருப்பது போலவே சட்டங்களுக்கு இடையே தொங்கும் சதுரப் பலகைகள். பழுப்பேறி, அங்கங்கே தண்ணீர்க் கறையுடன் இருந்தன. பலகை முழுக்க ஊசி குத்தியது போல் துளைகள்.

"நம்ம ரூம்ல இந்த ஓட்டை எல்லாம் இல்லையேக்கா."

இருந்தன. பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று மேலாளர் அங்கே கூரைக்குத் தடிமனாக வெள்ளை அடிக்கச் சொல்லியிருந்தார். அதில் துளைகள் அடைபட்டுப்போயின. யாரும் நுழையாத பதிவறையை விட்டுவிட்டார்கள். அதிகாரி வந்து போனார். இரைச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. துளைக்குள் போய் அடங்க வேண்டிய சத்தம், பெயின்ட்டில் பட்டுக் கீழே திரும்பிக்கொண்டிருந்தது.

அவள் புகார்ப் பிரிவுக்குப் போய்ச் சொன்னாள். மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அது காகிதம்மா. கோப்பு அடுக்கின ரூம்ல சத்தம் அடங்கத்தான் செய்யும். கூரை என்ன பண்ணும்?"

"அப்ப கோப்பு அங்கேயே இருக்கட்டும் சார். பலகையை மட்டும் மாத்திப் பார்ப்போம். ஒரே அளவுதான். தூக்கினா வந்துடும்."

"கறை பிடிச்சதைக் கொண்டாந்து முன்னாடி மாட்டணுமா? இது எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு."

"இருக்கு சார். ஆனா யாரும் மேல பார்த்துக்கிட்டு போன் பேசல."

அவர் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தார்.

"சரியா வரலேன்னா திருப்பி மாட்டிடணும். அப்புறம் பதிவறையை விட்டு வர்ற பேச்சே இருக்கக் கூடாது."

"இருக்காது சார்."

விடுமுறை நாளில் அவள் கணவனோடு வந்தாள். புகார் சொன்ன பெண்ணும் கூப்பிடாமலே வந்தாள். அவன் ஏணியில் ஏறிப் பலகைகளைக் கழற்றினான். பெண்கள் வாங்கி அடுக்கினார்கள். பிறகு அறை மாற்றி மாட்டினான். தூசி கொட்டி மூவருக்கும் தலை நரைத்தது.

"இப்பவே கிழவன் மாதிரி இருக்கீங்க" என்றாள் அவள்.

"நீ மட்டும் என்ன, குமரியா?"

மறுநாள் காலை மேலாளர் வாசலில் நின்று காதுகொடுத்துக் கேட்டார். எல்லா இருக்கையிலும் பேச்சு நடந்தது. தனித்தனியாக நடந்தது. யாரும் கத்தவில்லை. ஒருமுறை கறைகளைப் பார்த்தார். பிறகு பதிவறைக் கதவைத் திறந்து, அவளுடைய பழைய நாற்காலியைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். மணி அடித்ததும் எடுத்து, பழகி வைத்த குரலில் வணக்கம் சொன்னாள்.

"ஹலோ? யாரும்மா அது? ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் சத்தமா பேசுங்க."

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"சார், சத்தமா பேசச் சொல்றாங்க."

"பேசுங்கம்மா. அதுக்குத்தான கூப்பிட்டேன்."

அவள் பேசினாள், நெஞ்சு நிறைய, தன் சொந்தக் குரலில். எந்தத் தெரு, எத்தனை நாளாக, மேல்மாடியா கீழ்த்தளமா என்று கேட்டாள். அந்தப் பக்கம் இருந்தவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

பக்கத்து இருக்கைப் பெண் தன் அழைப்பில் இருந்தாள். தலை திரும்பவில்லை.