பதினான்காம் எலியின் அலை

மொன்தெவிதேயோவில் அந்த ஜூலைக் குளிர்காலத்தில் மழை விடவே இல்லை. பரிசோதனைக் கூடத்தில் நில்தா மட்டும் இருந்தாள். கூட வேலை பார்த்த இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள். அவளோடு வாழ்ந்த அந்திரேஸும் பார்சிலோனாவுக்குப் போய் ஐந்து மாதமாகிறது. சோதனை முடியட்டும் என்று அவள் தங்கிவிட்டாள்.

பகல் முழுக்க அவள் பேசியது பதினான்காம் எண் எலியோடுதான். வாசல் காவலர் வாஷிங்டன் அதற்குக் குண்டம்மா என்று பெயர் வைத்திருந்தார்.

நினைவுகள் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸுக்கு நரம்பு அனுப்பும் செல்களில், அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரப்பவற்றை மட்டும் கொல்லும் நஞ்சை அதன் மூளையில் செலுத்தியிருந்தாள். அதன்பின் எலி அசையாமல் மிரண்டு நிற்கையில் அங்கே வரவேண்டிய மின்னலை வரவில்லை. நடந்தால் மட்டும் வந்தது. வேகம் பழையபடியே, உயரம் பாதி.

பேராசிரியர் இருரேத்தா தொலைபேசியில் அவள் சொன்னதை நம்பவில்லை.

"மருந்து சரியா இறங்கலைம்மா. அந்த செல்லெல்லாம் செத்திருந்தா அலையே இருக்கக் கூடாது."

"நடக்கும்போது இருக்கு சார். தினம் பாக்குறேன்."

"பாத்தா ஆச்சா? மூளையை எடுத்து வெட்டிப் பாரு."

மூன்று நாள் ஏதேதோ சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டாள். சனிக்கிழமை மதியம் வாஷிங்டன் மாத்தே என்ற இலைத் தேநீர்க் குடுவையோடு எட்டிப் பார்த்தபோது கூண்டு காலியாக இருந்தது.

"எங்க நம்ம குண்டம்மா?"

"முடிச்சுட்டேன் அண்ணே."

அவர் சூடாக ஒரு குடுவை நிரப்பி அவளிடம் நீட்டினார். அவள் குடித்துத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

மூளைச் சீவல்களுக்குச் சாயம் ஏற வியாழன் ஆயிற்று. நுண்ணோக்கியில் பார்த்தாள். பழுப்பாகத் தெரிய வேண்டிய அசிட்டைல்கோலின் செல்கள் அநேகமாக ஒன்றுகூட இல்லை. பக்கத்திலிருந்த மற்றவை எல்லாம் முழுசாக இருந்தன. அவள் சொன்னதுதான் சரி. அந்த அலையை நடத்த வேறு செல்களும் இருந்திருக்கின்றன.

பேராசிரியரை அழைத்துச் சொன்னாள். "சரி, நீ சொன்னதுதான். ஆனா ஒரு எலி போதாது. இன்னும் ஆறு செய்," என்றார்.

அந்திரேஸை அழைத்தாள். அவன் தெருவில் இருந்தான். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"நான் சொன்னது சரியாயிடுச்சு அந்திரேஸ். செல்லு போனாலும் அலை நிக்கலை."

"எந்த அலை?"

"எலியோடது. சொன்னேன்ல?"

"ஓ, அதுவா! நல்லதாப் போச்சு. நில்தா, என் கம்பளிக் கோட்டை யார்கிட்டயாவது குடுத்து அனுப்புறியா? இங்கயும் குளிர் வந்துரும்."

"அனுப்புறேன்."

ஃபோனை வைத்துவிட்டு மறுபடி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். படம் கலங்கித் தெரிந்தது. குமிழைத் திருகிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் தெளிந்தது.