மாயம்மாளின் மூக்குத்தி

1

"தம்பி, நிறுத்துப்பா! மூக்குத்தி பக்கம் மாறிப்போச்சு!"

ஆண்டிச்சாமி கத்திக்கொண்டே ரோட்டைக் கடந்து ஓடினார். ஒட்டன்சத்திரம் பஸ் கிறீச்சிட்டு நின்றது. ஒரு நொடி தவறியிருந்தால்...

(ஒப்புக்கொள்கிறேன். அவர் ஓடவில்லை, எழுபத்தொரு வயது முழங்கால். பஸ்ஸும் அப்படி நிற்கவில்லை. திண்டுக்கல்லில் ஒரு சிலையின் மூடுதுணி காற்றில் விலகி, இடப்பக்கம் மூக்குத்தி மின்னியது. கதை பிறந்தது அங்கேதான். மிச்சமெல்லாம் வாரப் பத்திரிகைப் பழக்கம்.)

2

சிலை, துப்பறியும் தொடர்கள் எழுதிய மாயம்மாளுக்கு. செத்து நாலு வருடம். ஆண்டிச்சாமி அவள் புருஷன். காலையில் திறப்பு விழா.

"போட்டோவப் பாத்துத்தானய்யா வச்சேன்?" சாரத்தின் மேலிருந்து சிற்பி பிரின்ஸ்.

"பத்திரிகையில படத்தத் திருப்பிப் போட்டுட்டாங்கப்பா. அவளுக்கு வலது மூக்கு."

விழாக் குழுத் தலைவர் ஜெகபர் அலி சிரித்தார். "அண்ணே, மூக்க எவன் பாக்கப்போறான்? முப்பத்தோரு தொடர் எழுதுன கையத்தான பாப்பாக! நாப்பது வருசம் கூட இருந்தீங்களே, நீங்க ஒரு வரியாச்சும் எழுதுனீங்களா?"

"பாய், அந்தக் கை..."

(இந்த வரியை அடித்துவிட்டேன். மூன்றாவது தடவை.)

"மூக்குத்திய மாத்தச் சொல்லுங்க பாய். அம்புட்டுத்தான்."

"மாத்திருவோம். நாளைக்கு மேடையில ரெண்டு வார்த்தை பேசிருங்க."

3

இதுவரை மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். எழுதியது ஆண்டிச்சாமி. அரசாங்க வேலை, அதனால் பெண்டாட்டி பேர். மாயம்மாளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

முடிவு ஒன்று: மேடையில் உண்மையைச் சொல்கிறார். சிலை இறங்குகிறது. சாயங்காலம் டீயோடு எதிரில் போய் உட்கார அவருக்கு யாருமில்லை.

இன்னொன்று: சொல்லவில்லை. அவள் நிற்கிறாள். ஒரு வரியும் எழுதாத மனுஷனாகவே அவர்...

(இதையும் முடிக்க முடியவில்லை.)

4

வாசகரே, விடிந்தால் விழா. எதை வைத்துக்கொள்ளட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

எழுதத் தெரிந்தவன் ஏன் கேட்கிறான் என்பீர்கள். ஆண்டிச்சாமி நான்தான். வாராவாரம் எழுதியதை அடுப்படியில் வாசித்துக் காட்டுவேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். கடைசி அத்தியாயம் வந்ததும், "கொன்னது டிரைவர் இல்லங்க, அவன் தங்கச்சி" என்பாள். அப்படியே எழுதுவேன்.

முப்பத்தோரு தொடருக்கும் முடிவு சொன்னது அவள். இந்த நாலு வருடத்தில் நான் ஒரு கதையைக்கூட முடிக்கவில்லை.