போனுக்குத் தைத்த சட்டை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் போன் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் உயிரோடு இருந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. காலையில் நூறு சதவீதத்தோடு புறப்படும். மாணவர்கள் ஆளாளுக்குக் கூப்பிட்டு, "மாஸ்டர், எங்க வந்துட்டிருக்கீங்க?" என்று கேட்டே அதன் பிராணனை வாங்கிவிடுவார்கள். பாட்டரியும் பழசு. அவரோ நாள் முழுக்க காரில்தான் இருக்கிறார். காரில் சார்ஜ் போட இடமும் இருக்கிறது. ஆனால் ஏறாது.

வேறு சமயமாக இருந்தால் அவர் மனைவி தையல்காரம்மா இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். இப்போது மகளுக்கு மாசம் ஒன்பது. மாப்பிள்ளை கப்பலில் வேலை செய்பவர், வர இன்னும் மூன்று வாரம் ஆகும். வலி எடுத்தால் மகள் அப்பாவைக் கூப்பிட வேண்டும், அப்பா நாற்பது நிமிஷத்தில் காரோடு வாசலில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. போன செவ்வாய்க்கிழமை மகள் ஏழு முறை கூப்பிட்டாள். ஏழு முறையும் ஸ்விட்ச் ஆஃப். நல்ல வேளை, அது பொய் வலி.

"அப்பா போன்ல பேசுற அந்தப் பொம்பளை குரல் எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சும்மா," என்றாள் மகள். சொல்லும்போது சிரித்தாள், சொல்லி முடித்ததும் அழுதாள்.

அன்று சாயங்காலம் தையல்காரம்மா கேட்டாள்: "வீட்ல ஏறுற சார்ஜ் கார்ல மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?"

"கார்லதான் ஏதோ கோளாறு," என்றார் மாஸ்டர், காது மடலைத் தடவியபடி.

பொய் சொல்லும்போது மட்டும்தான் அவர் காது மடலைத் தடவுவார். முப்பது வருஷமாக அந்தக் காதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். மறுநாள் காலை நேராகக் கார் எலக்ட்ரீஷியனின் கடைக்குப் போனாள்.

அவன் அவளைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அக்கா, நீங்களே வந்துட்டீங்களா. இந்த மாசத்துல மாஸ்டர் மூணு தடவை வந்துட்டார். ஃபியூஸ் பாத்தாச்சு, நல்லா இருக்கு. சாக்கெட்டைப் புதுசாவே போட்டாச்சு. கேபிள் மட்டும் மூணு வாங்கியிருக்கார். என் போனைச் சொருகினா சர்ருன்னு ஏறுது."

"அப்ப அவர் போன்லதான் கோளாறா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். குடுங்க சார், பாக்குறேன்னேன். குடுக்க மாட்டேங்குறார்க்கா. பச்சைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சோட பிடிச்சுக்கிறார்." குரலைத் தணித்துக்கொண்டு, "நான் தப்பா ஒண்ணும் நினைக்கலை," என்று வேறு சேர்த்துக்கொண்டான். அவன் நினைத்ததை எதிர்வீடு ஏற்கெனவே நினைத்து முடித்திருந்தது.

பத்து மணி வகுப்புக்குக் கார் கிளம்பியபோது தையல்காரம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கில் நாலாவது நாள் மாணவியான பேங்க் கேஷியரம்மா. இந்தக் கதை தெருவுக்கு வந்துசேர்ந்தது அந்தக் கேஷியரம்மா மூலமாகத்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"நீ எதுக்கு இப்ப?" என்றார் மாஸ்டர்.

"காத்து வாங்க வந்தேன். போனைக் குடுங்க."

"கிளட்ச், கிளட்ச்," என்றார் அவர் கேஷியரம்மாவிடம். கேஷியரம்மா கிளட்சில்தான் இருந்தாள்.

"போனைக் கேட்டேன்."

வேறு வழியில்லாமல் கொடுத்தார்.

போன் தன் சட்டைக்குள் இருந்தது. அதுவும் அவள் தைத்த சட்டைதான். மாணவர்கள் திடுக்கென்று பிரேக் போட்டதில் ஏற்கெனவே இரண்டு போன்கள் விழுந்து நொறுங்கியிருந்தன. மூன்றாவது வந்ததும், பழைய ஜீன்ஸ் துணியில் உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, முகத்தையும் சார்ஜ் சொருக ஒரு ஓட்டையையும் மட்டும் விட்டு மற்ற எல்லாப் பக்கமும் மூடி, நழுவிவிடக் கூடாதே என்று போனை உள்ளே வைத்தே கடைசித் தையலையும் போட்டு இறுக்கிவிட்டாள். கழற்ற வேண்டுமானால் நூலை அறுக்க வேண்டும்.

அவள் கேபிளை எடுத்துச் சொருகிப் பார்த்தாள். பாதி போய் நின்றது. மறுபடி அழுத்தினாள். அடுத்த கேபிள், அதற்கடுத்தது என்று மூன்றையும் பார்த்தாள். எல்லாம் தடித்த தலை. வீட்டிலிருக்கும் பழைய சார்ஜர் ஒல்லித் தலை, அதனால் நுழைகிறது. விரலால் ஓட்டையின் ஓரத்தைத் தடவினாள். ஒரு நூல் அளவு குறைச்சல். இஞ்ச் டேப்பில் ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு.

முப்பது வருஷத்தில் அவள் தைத்த ஒரு துணிகூட ஆல்டரேஷனுக்குத் திரும்பி வந்ததில்லை. தெரு முழுக்க அறிந்த பெருமை அது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே," என்றார் மாஸ்டர். கை காது மடலுக்குப் போகவில்லை.

"ஒரு பிளேடால லேசாக் கீறிவிட்டிருந்தா முடிஞ்சிருக்குமே. மூணு கேபிள் வாங்குனீங்களே."

"ஒல்லியா ஒண்ணு கிடைக்கும்னு பாத்தேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

மாஸ்டர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "கண் ஆபரேஷனுக்கு அப்புறம் நீ தைச்ச முதல் துணி இது. அதுக்கு முன்னாடி நாலு மாசம் மெஷின் பக்கமே போகாம சுவரைப் பாத்துட்டு உக்காந்திருந்தே. இதைத் தைச்சு முடிச்சிட்டு, 'பாத்தீங்களா, கண்ணு திரும்பிடுச்சு'ன்னு சிரிச்சே. அப்புறம் நான் போய் ஓட்டை சின்னதா இருக்குன்னு சொல்லவா?"

கார் நின்றுவிட்டது. கேஷியரம்மா எந்த பெடலை மறந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"அங்க பொண்ணு ஏழு தடவை கூப்பிட்டிருக்கா," என்றாள் தையல்காரம்மா. கோபமாகத்தான் சொல்லப் பார்த்தாள். "ஏம்மா, வண்டியை ஓரமா போடு."

நாலு நாளில் முதல்முறையாகக் கேஷியரம்மா ஒழுங்காக ஓரங்கட்டினாள்.

தையல்காரம்மாவின் பையில் ஊசியும் நூலும் சின்னக் கத்தரியும் இல்லாமல் போன நாள் கிடையாது. மடியில் போனை வைத்துக்கொண்டு துணியை ஒரு நூல் வெட்டினாள். பிரி விடாமலிருக்க விளிம்பைச் சுற்றி, சட்டைப் பட்டனுக்குப் போடுவதுபோல நெருக்கமாகக் காஜா எடுத்தாள். தடித்தலைக் கேபிளைச் சொருகினாள். டக்கென்று உட்கார்ந்தது. திரையில் பச்சை மின்னல் வந்தது.

"இன்னும் ஒண்ணு கேக்கணும்," என்றாள். "உங்களுக்கு இத்தனை வருஷமா நான் தைச்ச சட்டையெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

மாஸ்டர் கேஷியரம்மாவைப் பார்த்தார். "முதல் கியர் போடும்மா."

"கேட்டேனே."

"அக்குள்ல மட்டும் கொஞ்சம் பிடிக்கும்."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணச் சட்டையிலேர்ந்து."

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு மகள் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே அப்பா எடுத்துவிட, அந்தப் பொம்பளை குரலை எதிர்பார்த்திருந்தவளுக்குச் சொல்ல வந்ததே மறந்துபோயிற்று.

"யாரு, அப்பாவா?" என்றாள்.

"நான்தான்மா. எழுபத்தெட்டு சதவீதம் இருக்கு. நிதானமாச் சொல்லு."

"வலி வந்துடுச்சுப்பா."

வண்டியைத் திருப்பியபோது அவர் கைகள் இரண்டும் தாராளமாக வீசி வந்தன. முந்தின நாள் ராத்திரியே எல்லாச் சட்டைகளின் அக்குளும் பிரித்து விடப்பட்டிருந்தது.