இதை முழுசா மூடாதே

வீட்டைக் காலி செய்து போனவர் ஓர் ஆணியைக்கூட விட்டுவைக்கவில்லை. சீட்டுகளை மட்டும் விட்டுப் போயிருந்தார்.

முதல் சீட்டு வாசல் கதவிலேயே இருந்தது. அகலமான டேப்புக்குக் கீழே, பச்சை மசியில், கொட்டை எழுத்தில்: "டேய், சாவியை ரெண்டு சுத்து சுத்து. ஒண்ணு போதும்னு நினைக்காதே."

அவள் ஒரு சுற்றுதான் சுற்றியிருந்தாள். இன்னொன்று சுற்றினாள். கதவு திறந்தது. அக்கறையான மனிதர் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு சமையலறை வரைதான் நீடித்தது.

மேடையில்: "டேய், சூட்டோட எதையும் இங்கே வைக்காதே. சொன்னா கேளு." தொட்டிக்கு மேல்: "டேய், மொத்தமா கொட்டாதே." ஜன்னலில்: "டேய், கீழ்க் கொக்கியை முதல்ல போடு. மண்டை பத்திரம்." குளியலறைக் கண்ணாடியில்: "டேய், மூஞ்சியைப் பார்த்தது போதும். கிளம்பு."

மொத்தம் நாற்பத்தொன்று. எண்ணிப் பார்த்தாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணம் முறிந்த பிறகு ஏழு வருடம் அண்ணன் வீட்டில் இருந்தாள். அங்கே அவள் பெயர் சின்னது. சின்னது, விளக்கை அணைச்சியா? சின்னது, பாலை மூடினியா? பதினாலு வயதில் ஒருநாள் குழாயை மூடாமல் பள்ளிக்கூடம் போய்விட்டாள். வீடு முழுக்கத் தண்ணீர். இருபத்திரண்டு வருடமாகியும் அந்தத் தண்ணீர் வற்றவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் அதை எடுத்து விடுவார்.

யாரும் எதுவும் சொல்லாத ஒரு வீடு வேண்டும் என்றுதான் வந்தாள். வந்த இடத்தில் சுவரே டேய் என்கிறது.

மாடியில் இருந்த வீட்டுக்காரம்மாவிடம் கேட்டாள்.

"அதுவா? லாரி ஓட்டுறவருமா. மாசத்துல நாலு நாள்தான் வீட்டுல இருப்பாரு. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் எது எப்படின்னு மறந்து போயிடுமாம். எழுதி ஒட்டிக்குவாரு."

"டேய்னு யாரைச் சொல்றாரு?"

"தன்னைத்தான். அங்க வேற யாரு இருந்தா?" வீட்டுக்காரம்மா துணியை உதறிக் கொடியில் போட்டாள். "நல்ல மனுஷன். பதினோரு வருஷம் இருந்தாரு. ஒரு நாளும் இது ரிப்பேர், அது ரிப்பேர்னு மேல வந்து நின்னதில்ல."

அது தனக்கு விழுந்த குத்து என்பது அவளுக்குப் புரிந்தது.

"இன்னொண்ணும்மா. ஒரு மாசம் பத்திரம் இல்லாம இருந்துக்கோ. வருஷத்துக்கு எழுதணும்னா உன் சொந்தத்துல ஒருத்தர் கையெழுத்து வேணும். அது என் பழக்கம்."

சொந்தம் என்றால் அண்ணன்தான். ஒன்பது வயது மூத்தவர். கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை. எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார்.

"ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறேன்" என்றார் போனில். "எல்லாம் ஒழுங்கா இருந்தா கையெழுத்து. ஒண்ணு இடிச்சாலும் பெட்டியைக் கட்டிட்டு என்கூட வண்டில ஏறிடணும். சரியா?"

"சரிண்ணா."

"குழாயெல்லாம் மூடறியா?"

அவள் போனை வைத்தாள்.

அன்று புதன்கிழமை. முகம் கழுவப் போனாள். கண்ணாடி, "மூஞ்சியைப் பார்த்தது போதும்" என்றது. பார்க்கக்கூட ஆரம்பித்திருக்கவில்லை. நகத்தைக் கொடுத்து அந்தச் சீட்டைக் கிழித்தாள். கிழிந்த சுகத்தில் அடுத்ததைக் கிழித்தாள். பிறகு நிற்கவில்லை. அண்ணன் வந்து இதையெல்லாம் படித்தால் வேறு வினையே வேண்டாம் என்று ஒரு நியாயமும் கிடைத்தது. அரை மணி நேரத்தில் நாற்பத்தொன்றும் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தன. எது எங்கே இருந்தது என்று அவள் பார்க்கவில்லை.

ஆத்திரக்காரிக்கும் புத்தி மட்டுதான்.

வியாழக்கிழமை வேலை முடிந்து இரண்டரை மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் கால் வைத்தாள். கணுக்கால் நனைந்தது. காலையில் குழாயை இறுக்கி மூடிவிட்டுத்தான் போயிருந்தாள். மூடியதை இரண்டு முறை தொட்டும் பார்த்திருந்தாள். அது தன் தலையைத் தானே கழற்றிக்கொண்டு நூலாக ஊற்றிக்கொண்டிருந்தது.

நாலு மணி வரை துடைத்தாள். பதினாலு வயதில் துடைத்ததைவிட அதிகம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

அன்றே ஜன்னல் கதவு கழன்று தோளில் விழுந்தது. வெள்ளிக்கிழமை ஹீட்டர் ஓடும்போது இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் வீடு முழுக்க மின்சாரம் போனது. தொட்டியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள். அது குளியலறை வழியாக அவளைப் பார்க்கத் திரும்பி வந்தது. வீடு ஒவ்வொன்றாக வாயைத் திறந்தது. ஆனால் இப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் பையைத் தரையில் கொட்டினாள்.

முதலில் கையில் வந்த சீட்டைப் படித்தாள். "டேய், இதை முழுசா மூடாதே. முக்கால் மூடு. ஒரு தட்டு தட்டு." அடுத்தது: "டேய், இதையும் அதையும் சேர்த்துப் போடாதே." அதற்கு அடுத்தது: "டேய், இது சத்தம் போடும். பயப்படாதே."

எது? எதையும் எதையும்?

லாரிக்காரர் ஒரு பொருளின் பெயரையும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. சீட்டு இருந்த இடம்தான் பெயர். அவள் அதைத்தான் கிழித்திருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு: சீட்டு ஒட்டாத சோதனைக்குழாய் யாருடைய ரத்தமும் இல்லை, தூக்கிக் குப்பையில் போடு. இப்போது இவள் கையில் இருந்தவை ரத்தம் இல்லாத சீட்டுகள்.

ஒரு சீட்டு, "டேய், இதை மட்டும் மறந்துடாதே" என்றது. அதைச் சுருட்டிச் சுவரில் எறிந்தாள். பிறகு போய் எடுத்து வந்தாள்.

எடுக்கும்போதுதான் கவனித்தாள். டேப்பின் பசைப் பக்கத்தில் பச்சைப் பெயிண்ட் செதில்கள் ஒட்டியிருந்தன. ஜன்னலின் பச்சை.

எல்லாச் சீட்டையும் குப்புறப் போட்டாள். பச்சை ஒரு வரிசை. வாசல் கதவின் காவி நிறம் ஒரு வரிசை. சமையலறைச் சுவரின் மஞ்சள். மேடையின் எண்ணெய்ப் பிசுக்கு. ஒவ்வொன்றையும் கொண்டுபோய்ச் சுவரில் இருந்த தடத்தில் வைத்துப் பார்த்தாள். ஆறு மணிக்குள் முப்பத்துமூன்றுக்கு இடம் கிடைத்துவிட்டது. திரும்ப ஒட்டவில்லை. பரீட்சைக்குப் படிப்பதுபோல் மனப்பாடம் செய்தாள். முக்கால், ஒரு தட்டு. கீழ்க் கொக்கி, பிறகு மேல். ஹீட்டரை அணைத்த பின் இஸ்திரி.

எட்டுச் சீட்டுகளின் முதுகில் எந்த நிறமும் இல்லை. அவற்றைப் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணன் வந்தார். கையில் ஒரு பழைய பெரிய பை. காலியாக இருந்தது. அவள் துணிகளைப் போடுவதற்கு என்று கேட்காமலே தெரிந்தது.

"என்ன இது, சுவரெல்லாம் அம்மை போட்ட மாதிரி?"

"முன்னாடி இருந்தவர் ஏதோ ஒட்டியிருந்தாருண்ணா."

அண்ணன் சுவரைத் தட்டினார். தரையை மிதித்தார். ஜன்னல் பக்கம் கை போனது.

"இருங்கண்ணா, நான் திறக்கறேன்."

"ஏன், எனக்குத் திறக்கத் தெரியாதா?"

"வெயில் அடிக்கும். நீங்க இப்படி வாங்க."

குழாயை அவளே திறந்து அவளே மூடினாள். முக்கால், ஒரு தட்டு. ஒரு சொட்டு விழவில்லை. அண்ணன் குனிந்து கொஞ்ச நேரம் குழாயின் வாயையே பார்த்தார்.

"பரவாயில்லையே, சின்னது. குழாய் மூடக் கத்துக்கிட்ட."

அவள் பல்லைக் கடித்தாள். பதினோரு மணிக்கு வீட்டுக்காரம்மா பத்திரத்தோடு வருவாள். இன்னும் பத்து நிமிடம்.

"பாத்ரூம் எங்க?" என்றார் அண்ணன்.

அவர் உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு மேல் தாழ்ப்பாள் விழும் சத்தம். அந்தச் சத்தத்தை அவள் இந்த வீட்டில் கேட்டதே இல்லை. தனியாக இருக்கிறவள் எதற்குத் தாழ்ப்பாள் போடப்போகிறாள்?

ஐந்து நிமிடம் ஆனது.

"சின்னது!"

"என்னண்ணா?"

"கதவு திறக்கல."

"தாழ்ப்பாளை எடுத்துட்டீங்களா?"

"எடுக்க வந்தாத்தானே எடுக்கறதுக்கு! இழுக்கறேன், அசைய மாட்டேங்குது." கதவு இரண்டு முறை அதிர்ந்தது. "என்ன வீடு பிடிச்சிருக்க நீ? கதவைத் திறக்க ஆள் கூப்பிடணும் போல இருக்கு. மேல போய் அந்தம்மாவைக் கூப்பிடு."

"அவங்க வேண்டாம்."

"ஏன்?"

"இருங்கண்ணா."

வெள்ளைப் பிளாஸ்டிக் கதவு. நிறமே கிடையாது. நிறம் ஒட்டாத எட்டில் ஒன்று இதன் உள்பக்கம் இருந்திருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பையை இழுத்து வந்து கதவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ற அங்க?"

"படிக்கறேன்."

"படிக்கறியா? நான் உள்ள வெந்துக்கிட்டு இருக்கேன், நீ படிக்கறியா?"

"இது சத்தம் போடும், பயப்படாதே."

"எது?"

"இது இல்லண்ணா. இருங்க." அடுத்ததை எடுத்தாள். "வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைத் துடை."

"உனக்கு என்ன ஆச்சு?"

மூன்றாவது சீட்டு டேப்பு சுருண்டு கிடந்தது. பிரித்தாள். மற்றவற்றைவிட அழுத்தி எழுதியிருந்தது. மசி இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருந்தது. அவள் மௌனமாக ஒருமுறை படித்தாள். பிறகு வாசலுக்கு வெளியே மாடிப்படியைப் பார்த்தாள். மேலே கதவு திறக்கும் சத்தம்.

"டேய் மடையா" என்று படித்தாள். "இழுக்காதே. கதவை மேலே தூக்கு. தோளால முட்டு. அப்புறம் தாழ்ப்பாளைத் திருப்பு. போன தடவை நாலு மணி நேரம் உள்ளேயே கிடந்தே."



"யாரை டேய்ங்கற?"

"எழுதியிருக்குண்ணா."

"மடையான்னுமா எழுதியிருக்கு?"

"ஆமா. தூக்குங்க."

"எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம்." கதவு மறுபடி அதிர்ந்தது. இழுக்கிறார்.

"இழுக்காதீங்க. தூக்குங்க."

"தூக்கத்தான் செய்யறேன்!" இழுத்தார்.

படியில் செருப்புச் சத்தம். ஒரு படி, இன்னொரு படி. வீட்டுக்காரம்மாவுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் இறங்குவாள். அவள் வந்து சேர்வதற்குள் அண்ணன் வெளியே வர வேண்டும்.

"டேய் மடையா, இழுக்காதே. கதவை மேலே தூக்கு" என்று மறுபடி முதலிலிருந்து, சத்தமாகப் படித்தாள்.

கதவு இழுபட்டது.

"டேய்! சொல்றதைக் கேளு!"

சீட்டில் அது இல்லை.

இழுப்பு நின்றது. பிறகு கதவு ஒரு விரற்கடை மேலே எழும்பியது. ஒரு முட்டு. தாழ்ப்பாள் வெண்ணெய்போலத் திரும்பியது.

அண்ணன் வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் அவளைப் பார்த்தார். தரையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. பையை ஒளிக்கவும் இல்லை.

"இந்த வீடு சரியில்ல" என்றார்.

"சரியில்லதான். எங்கெங்க சரியில்லன்னு எனக்குத் தெரியும்."

"எவனோ எழுதி வெச்சதைப் படிச்சு ஒரு குடித்தனமா?"

"உங்க வீட்டுல எழுதக்கூட இல்லண்ணா. வாயாலேயே சொல்வீங்க."

வாசலில் வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க நின்றாள். கையில் பத்திரம். "என்னம்மா, எல்லாம் பார்த்தாச்சா? உங்கண்ணனுக்குப் பிடிச்சிருக்கா?"

அண்ணன் சமையலறைக்குப் போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். வீட்டுக்காரம்மாவுக்கு எதுவும் தெரியாதபடி முகத்தை வைத்துக்கொண்டு அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.  காலிப் பை சுவரோரம் வாயைத் திறந்தபடி கிடந்தது.

அண்ணன் வந்தார். கைக்குட்டையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"பேனா இருக்கா?"

வீட்டுக்காரம்மா கொடுத்தாள். அண்ணன் பத்திரத்தை இரண்டு பக்கமும் படித்தார். ஒரு இடத்தில் எழுத்துப் பிழையைச் சுட்டிக் காட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். வீட்டுக்காரம்மா பத்திரத்தை வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

செருப்பு மாட்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அடுத்த வாரம் புதுத் தாழ்ப்பாள் வாங்கிட்டு வரேன். மாத்திடலாம்."

"வேண்டாம்."

"ஏன்?"

"எனக்குத்தான் திறக்கத் தெரியுமே."

அவர் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். தெரு முனைவரை திரும்பிப் பார்க்கவில்லை. முனையில் ஒருமுறை பார்த்தார். கையைத் திருகிக் காட்டினார். குழாயை மூடு என்று.

அவள் உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். இரண்டு சுற்று. வாரம் முழுக்கத் தூங்காததுபோல் உடம்பு வலித்தது. தரையில் கிடந்த சீட்டை எடுத்துப் பிளாஸ்டிக் கதவின் உள்பக்கம், பழைய தடத்தின் மேலேயே வைத்து அழுத்தினாள். டேப்பில் இன்னும் பசை இருந்தது.

தேநீர் போடலாம் என்று சமையலறைக்குள் கால் வைத்தாள்.

கால் நனைந்தது.

அண்ணன் கை கழுவிய குழாய். நன்றாக, இறுக்கி, முழுசாக மூடியிருந்தார். தலை கழன்று நூலாக ஊற்றிக்கொண்டிருந்தது.

"டேய்!" என்று கத்தினாள்.

பிறகு துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.