சாஜிதா பேகத்தின் நாக்கு

கோட்டைமேட்டில் யார் வீட்டில் விருந்து என்றாலும், பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்ததும் முதல் கரண்டி சாஜிதா பேகத்துக்குத்தான் போகும். அவர் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி மெதுவாக மென்று, பட்டை தூக்கலா, தயிர் போதவில்லையா, அரிசி பழசா புதுசா என்று சொல்லிவிடுவார். அவர் தலையாட்டிய பிறகுதான் பந்தி. இந்தப் பெருமையை அவர் கேட்டு வாங்கவில்லை. ஆனால் வந்து சேர்ந்த பிறகு விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

அவர் மகன் சாஜித்துக்குப் போத்தனூரில் பெண் அமைந்தது. பெண் பெயர் உஸ்மா. தகப்பனார் அப்துல் குத்தூஸ் மரக்கடை வைத்திருந்தார். வந்தவர்கள் வயிறு நிறைந்து போனால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நிச்சயத்தன்று மதியச் சாப்பாடு அவர் வீட்டில். கோட்டைமேட்டிலிருந்து வேன் பிடித்துப் போனார்கள். சாஜிதாவின் கணவர் நடத்தும் பம்ப்செட் உதிரிபாகக் கடையில் கூட்டாளியான அரங்கசாமியும், அவர் மனைவி முத்தாத்தாளும் அன்னூரிலிருந்து நேராகவே வந்துவிட்டார்கள்.

பெண்கள் பந்தியில் சாஜிதாவை நடுவில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் முத்தாத்தாள். எதிரே உஸ்மாவின் அம்மா ரிஃபத், தயிர்ப் பச்சடிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, சாஜிதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாஜிதா ஒரு வாய் எடுத்து வைத்தார். உப்பு இல்லை. குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, அறவே இல்லை. நெய் மணந்தது, அரிசி உதிரியாக இருந்தது, கறி பஞ்சுபோல வெந்திருந்தது. அத்தனையும் இருந்தும் வாயில் சப்பென்று கிடந்தது. வலப்பக்கம் பார்த்தார். நாத்தனார் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடப்பக்கம் முத்தாத்தாளும் அப்படியே. ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. சாஜிதாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பேருக்குத் தெரியாதது எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அந்த நேரம் பார்த்து ரிஃபத், சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். மருமகளுக்குச் சற்றுமுன்தான் மோதிரம் போட்டிருந்தார்; குறை சொல்ல வாய் வரவில்லை.

“மாஷா அல்லாஹ், ரொம்ப நல்லா இருக்குதுங்க” என்றார் சாஜிதா.

அவ்வளவுதான், பந்தி முழுக்கப் பாராட்டு கிளம்பிவிட்டது. கோயமுத்தூரிலேயே இப்படி ஒரு பிரியாணி சாப்பிட்டதில்லை என்றார் நாத்தனார். முத்தாத்தாளும் அருமையாகச் செய்திருப்பதாகச் சொல்லி வைத்தார். ஒன்றுதான் சாஜிதாவுக்கு விளங்கவில்லை. ஆளாளுக்குப் பச்சடியையும் ஊறுகாயையும் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கை கழுவுவதற்குள், இதே சமையல் மாஸ்டரைத்தான் நிக்காஹ் விருந்துக்கும் சொல்லிவிட்டேன் என்று ஆண்கள் பக்கமிருந்து அப்துல் குத்தூஸ் அறிவித்துவிட்டார்.

வேனில் திரும்பும்போதும் அதே பேச்சு. கணவரும் சேர்ந்து புகழ்ந்தார். சாஜிதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போன மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. காய்ச்சலில் ருசி தெரியாமல் போனவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தார். ஆக, போனது என் நாக்குதான் என்று முடிவுக்கு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. கல்லாக இருந்தால் தெரிகிறது, சோற்றில் கரைந்தால் தெரிவதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து குழம்பில் பழக்கத்துக்கு ஒரு தடவையும் பயத்துக்கு ஒரு தடவையும் உப்பு விழுந்தது. கணவரும் மகனும் தட்டைக் காலி செய்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த தெருவில் ஒரு விருந்துக்கு ருசி பார்க்கக் கூப்பிட்டபோது, தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் முத்தாத்தாள் தோட்டத்து இளநீர் கொண்டுவந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. சமையலறையிலேயே உட்காரவைத்துச் சாஜிதா தால்ச்சாவும் சோறும் போட்டார். முத்தாத்தாள் ஒரு வாய் விழுங்கிவிட்டுத் தட்டையும் சாஜிதாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்கக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. உப்பை ரெண்டு தடவ போட்டுப்போட்டீங்களாட்ட இருக்குதுங்க.”

சாஜிதா கரண்டியை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். போத்தனூரிலிருந்து வந்த நாள்முதல் தன் நாக்கு செத்துப்போய்விட்டது என்று சொன்னார். ஊரே மெச்சிய பிரியாணியில் தனக்கு மட்டும் உப்பு தெரியவில்லை என்பதையும் சொன்னார்.

முத்தாத்தாள் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “அதுல உப்பே இல்லீங்களேக்கா” என்றார்.

“தெரிஞ்சுக்கிட்டேவா நல்லாருக்குன்னு சொன்னே?”

“நீங்க சொன்னீங்க, நானுஞ் சொல்லிப்போட்டனுங்க. நிச்சயத்துக்கு உப்பில்லாம ஆக்கறது உங்க வழக்கமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். எங்க ஊட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு. ஊட்டுக்குப் போய் ரெண்டு பேரும் மிச்சர் தின்னு வாயைச் சரி பண்ணிக்கிட்டமுங்க.”

சாஜிதாவுக்கு முதலில் கோபம் வந்தது. அது முழுசாக வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சாயங்காலம் கணவரை விசாரித்தார். முதல் வாயிலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்றும், நீயே மெச்சிய பிறகு நான் யார் என்று நானும் மெச்சிவைத்தேன் என்றும் அவர் சொன்னார். நாத்தனாரோ, தான் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரைதான் ருசியைக் கெடுத்துவிட்டது என்று நம்பி, அதை இரண்டு நாள் நிறுத்தியும் பார்த்திருக்கிறார். இப்படி ஆளுக்கொரு காரணம் கைவசம் இருந்தது. வாய் மட்டும்தான் யாருக்கும் இல்லை.

உடனே போத்தனூருக்குப் போன் போட்டார். உஸ்மா எடுத்தாள். சாஜிதா சுற்றி வளைக்காமல் உப்பைப் பற்றியே கேட்டார். மாஸ்டருடைய ஆட்கள் இரண்டு பேரில், அவன் போட்டிருப்பான் என்று இவனும் இவன் போட்டிருப்பான் என்று அவனும் இருந்துவிட்டதாக உஸ்மா சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அத்தா சாப்பிட்டதுமே கண்டுபிடிச்சுட்டாங்க மாமி. மாஸ்டரைத் திட்டக் கிளம்புனாங்க. அதுக்குள்ள நீங்க ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னதா அம்மா வந்து சொல்லிட்டாங்க. உங்க வீட்ல யாருக்கோ உப்பு ஆகாதாட்டம்னு முடிவு பண்ணி, நிக்காஹ் பிரியாணிக்கும் உப்பே போடாதீங்கன்னு அத்தா சொல்லி வெச்சிருக்காங்க.”

மண்டபம் கொள்ளாத கூட்டம் சாஜிதாவின் கண்முன் வந்து நின்றது. அத்தனை பேரும் உப்பில்லாமல் தின்று, அத்தனை பேரும் அருமை என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

“நீயாவது சொல்லியிருக்கலாமே கண்ணு?”

“மாமியார் நல்லாருக்குன்னு சொன்னதை, இன்னும் வீட்டுக்கே வராத மருமக எப்படி மாமி இல்லைன்னு சொல்றது?”

இந்தப் பெண்ணைச் சாஜிதாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. உன் அத்தாவைக் கூப்பிடு என்றார். எங்கள் வீட்டில் எல்லோரும் உப்புத் தின்கிறவர்கள்தான் என்று அப்துல் குத்தூஸிடம் பதமாக எடுத்துச் சொன்னார். அவர் நம்பத் தயங்கினார். இது சம்பந்தியின் பெருந்தன்மை என்று நினைத்துவிட்டார். முடிவில் சாஜிதா தன் வாயாலேயே, அன்றைக்குச் சாப்பாடு சகிக்கவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. மறுமுனையிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்ததுங்க என்றார் அப்துல் குத்தூஸ்.

நிக்காஹ் முடிந்து பந்தி போட்டார்கள். எல்லோர் தட்டிலும் சோறு விழுந்தும் ருசியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாஜிதா முதல் வாயை வைத்தார். உப்பு கச்சிதம். சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் வரிசை முழுக்கத் தன்னையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, இன்னொரு வாய் பிரியாணியை எடுத்து அடைத்துக்கொண்டு, நீங்கள் சொல்லுங்கள் என்று கையைக் காட்டினார்.

ரிஃபத் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். கடைசியில் முத்தாத்தாள்தான் துணிந்தார்.

“கறி இன்னுங் கொஞ்சம் வெந்திருக்கலாமுங்க.”

வெந்தது கூடிப்போய்விட்டது என்றார் நாத்தனார். கறியில் ஒரு குறையும் இல்லை, கிராம்புதான் தூக்கல் என்றது ஒரு குரல். நெய் பத்தாது என்றார் ஒருவர், திகட்டுகிறது என்றார் அவருக்கு அடுத்தவர். சத்தம் கேட்டு, சண்டையோ என்று அப்துல் குத்தூஸ் ஓடிவந்து என்னவென்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. மணப்பெண் அறையிலிருந்து உஸ்மா, தனக்கும் ஒரு தட்டு அனுப்பினால் உண்மையைச் சொல்வதாக ஆள்விட்டாள்.

சாஜிதாவுக்கு அது குறை சொல்ல முடியாத பிரியாணியாகத்தான் பட்டது. கறியும் பதமாகவே வெந்திருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல், பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி போடச் சொன்னார்.